சிந்தாதிரிப்பேட்டையும் அங்கே குடியேறியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிந்தாதிரிப்பேட்டை என்றால் சென்னைக்காரர்கள் பலருக்கும் மீன் மார்க்கெட்டும் பறக்கும் ரயில் நிலையமும்தான் நினைவுக்கு வரும். அண்ணா சாலையிலிருந்து நடந்தே உள்ளே போய்விடலாம் என்பதால், இது ஒரு காலத்தில் தனி ஊராக இருந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். அப்புறம் கேள்விகள் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. இந்தப் பேட்டையை உருவாக்கிய கவர்னரைப் பற்றி எழுத ஆவணங்கள் நிறைய உண்டு. தறியில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு எழுதிவைக்கப்படவில்லை. அதனாலேயே நெசவாளர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டை எப்போது, யாரால் உருவானது?

1734இல். அப்போது சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கூவம் ஆறு பெரிதாக வளைந்து மூன்று பக்கமும் சுற்றிப் போகும் இடத்தில், நெசவாளர்களுக்கென்றே ஒரு பேட்டை அமைக்க ஈஸ்ட் இந்தியா கம்பெனி முடிவெடுத்தது. தானாக வளர்ந்த கிராமம் ஒன்றைக் கம்பெனி சேர்த்துக்கொண்ட கதை இங்கே கிடையாது. இன்னாருக்கு, இன்ன தொழிலுக்கு என்று தீர்மானித்து, ஆட்களை அழைத்துவந்து குடிவைத்த ஊர் இது.

அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

தோட்டம். சுங்குராம செட்டி என்ற பெரிய வணிகருடையது. கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் தலைமை வணிகராகக் கொடிகட்டிப் பறந்தவர், பிறகு செல்வாக்கை இழந்தார். அதன்பின் தோட்டமும் அவர் கையைவிட்டுப் போனது. பேட்டைக்குள் இன்றும் சுங்குவார் அக்ரகாரம் தெரு இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போது, பறிபோன அந்தத் தோட்டத்தையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

துணிதான் அன்றைய சென்னையின் பிழைப்பு. கம்பெனி இந்தக் கரையில் கோட்டை கட்டியதே சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்காக. அந்தத் துணியோ கோட்டைக்குள் நெய்யப்பட்டதில்லை. உள்நாட்டுக் கிராமங்களில் நெய்து, வணிகர்கள் மூலம் வந்துசேர்ந்தது. கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும், வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார், சில மாதம் கழித்துத் துணி வரும். நடுவில் பஞ்சு விலை ஏறினாலோ, அரிசி விலை ஏறினாலோ, ஆற்காட்டு நவாபின் ஆட்கள் வழியில் சுங்கம் கேட்டாலோ, துணி வராது, வந்தாலும் தரம் குறையும். 1730களில் பஞ்சும் அரிசியும் விலை ஏறிக்கிடந்தன. கப்பல் காத்திருக்க, கிடங்கு காலியாக இருந்தது. நெய்பவர்களையே கோட்டைக்குப் பக்கத்தில் குடிவைத்தால் இந்தத் தொல்லை குறையும் என்று கணக்குப் போட்டார்கள்.

இது முதல் முயற்சியும் இல்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கோலெட், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நெசவாளர் குடியிருப்பை ஏற்படுத்தினார். அவர் பெயரால் வந்ததுதான் இன்றைய காலடிப்பேட்டை. அங்கே எழுந்த கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் இருக்கிறது.

யார் யார் குடியேறலாம் என்று விதி இருந்ததா?

இருந்தது. நூல் நூற்பவர்கள், நெய்பவர்கள், துணியில் சித்திரம் தீட்டுபவர்கள், சாயமிடுபவர்கள், வெளுப்பவர்கள். இவர்களோடு கோயிலுக்கு வேண்டிய அந்தணர்கள், ஆடல் மகளிர், மற்றப் பணியாளர்கள். வந்து குடியேறுபவர்களுக்குக் கடனும் தரப்பட்டது. ஒரு துணி பஞ்சாக இருப்பதிலிருந்து வெளுத்து மடித்துக் கட்டுவது வரைக்கும் தேவைப்படும் எல்லாக் கைகளும் ஒரே ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

இந்தக் கரையில் நெசவுத் தொழிலில் இருந்தவர்கள் தமிழ் பேசும் கைக்கோளர்கள், தமிழும் தெலுங்கும் பேசிய சாலியர்கள், தெலுங்கும் கன்னடமும் பேசிய தேவாங்கர்கள் எனப் பல சமூகத்தினர். வணிகத்தில் தெலுங்கு பேசும் செட்டியார்கள் பலர் முன்னிலையில் இருந்தார்கள். ஆக, சென்னையின் துணித் தொழில் தொடக்கத்திலிருந்தே ஒரு மொழிக்காரர்களின் தொழிலாக இருந்ததில்லை.

நெசவுக்கும் ஆற்றுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தறியை மட்டும் பார்த்தால் நெசவு வீட்டுக்குள் நடக்கும் வேலை மாதிரி தெரியும். உண்மையில் அதில் பாதி வேலை தெருவில் நடக்கும்.

முதலில் பாவு. நீளவாட்டில் ஓடும் நூல்களைப் பாவு என்கிறோம், குறுக்கே போவது ஊடை. பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இருபக்கமும் ஆட்கள் நின்று பெரிய தூரிகையால் நீவிக்கொண்டே நடப்பார்கள். கஞ்சி ஏறாத நூல் தறியில் அறுந்துவிடும். வெயில் உச்சிக்கு ஏறினால் நூல் முறுகிவிடும் என்பதால் இதை விடியற்காலையில் தொடங்க வேண்டும். இதற்கு நேரான, நீளமான, நிழல் விழும் தெரு வேண்டும். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பழைய நெசவாளர் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். லாங் கிளாத் என்று நாம் இன்றும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தத் துணி அன்றைக்குச் சுமார் 36 கெஜம் நீளம். அவ்வளவு நீளத்துக்குப் பாவு ஓட்டுவதென்றால் தெருவே பட்டறையாக மாறிவிடும்.

பிறகு தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதித்து நெய்யும் குழித்தறி. ஈரப்பதம் இருந்தால் நூல் அறுந்துபோவது குறையும், அதனால் குழியின் குளிர்ச்சியும் ஆற்றங்கரைக் காற்றும் நெசவுக்கு ஒத்துழைக்கும். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் தறி நிற்காமல் ஓடும். கம்பெனியின் கணக்கில் இத்தனை தறி என்று எண்ணிக்கை வரும்போது, ஒவ்வொரு தறிக்கும் பின்னால் ஒரு முழுக் குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.

நெய்து முடித்த துணி பழுப்பாக இருக்கும். கஞ்சி போக அலசி, உவர்மண் சேர்த்து வெள்ளாவி வைத்து, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெளுக்க வேண்டும். சித்திரத் துணி என்றால் இன்னும் கூடுதல் வேலை. சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் தோய்த்து, அலசி, உலர்த்தி, மறுபடியும் தோய்க்க வேண்டும். நீரும் திறந்த வெளியும் இல்லாமல் இதில் எதுவுமே நடக்காது.

மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் நடுவிலேயே கப்பல்கள் புயலுக்குப் பயந்து கரையை விட்டு விலகிவிடும். அதற்குள் துணியை முடித்துக்கொடு என்ற நெருக்கடி ஒவ்வோர் ஆண்டும் நெசவாளரின் தலைமேல் இருந்தது. முடித்துக் கொடுத்தாலும் போதாது. கோட்டையில் மாதிரித் துணியோடு வைத்து நீளம், அகலம், நெருக்கம் எல்லாம் பார்ப்பார்கள். மாதிரிக்குக் குறைந்தால் விலையைக் குறைப்பார்கள், அல்லது தள்ளிவிடுவார்கள். முன்பணக் கடன் மட்டும் குறையாமல் நிற்கும்.

இங்கே தயாரான துணி எங்கே போனது?

கப்பலில் லண்டனுக்கு. ஆனால் அங்கேயே எல்லாம் விற்றுவிடவில்லை. நம் சித்திரத் துணிகள் இங்கிலாந்தில் அவ்வளவு விரும்பப்பட்டதால், அந்த ஊர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்துப்போனார்கள். 1700இல் ஒரு சட்டமும் 1721இல் இன்னொரு சட்டமும் போட்டு, அச்சிட்ட பருத்தித் துணிகளை அங்கே உடுத்துவதற்கே தடை கொண்டுவந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டை உருவானதே இந்தத் தடைகளுக்குப் பிறகுதான். வெள்ளைத் துணி அங்கே போய் அச்சுத் தொழிலுக்குப் பயன்பட்டது, மற்றவை வேறு நாடுகளுக்கு மறு ஏற்றுமதியாயின. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்தில் கைமாறிய பொருள்களில் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று. நெய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இந்தக் கரையின் துணிக் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்வது சரியாகாது.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது?

சின்னத் தறிப் பேட்டை என்பது மருவி வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஊரின் தொழிலுக்கும் அது பொருந்துகிறது.

பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன?

ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீஸ்வரர் கோயில்களைக் கேட்கிறீர்கள். பேட்டை அமைந்தபோது கம்பெனி வட்டாரத்தில் துபாஷாக இருந்த ஆதியப்ப நாராயண செட்டி இவற்றைக் கட்டுவித்தார். துபாஷ் என்றால் வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்.

கோயில் இல்லாத ஊருக்குக் குடிபோக எந்த நெசவாளர் குடும்பமும் இசைந்திருக்காது. திருவிழா வேண்டும், கல்யாணம் நடக்க சந்நிதி வேண்டும், வழக்கு வந்தால் நாலு பேர் உட்கார்ந்து பேச மண்டபம் வேண்டும். கடன் கொடுத்து ஆட்களை வரவழைக்கலாம், தங்கவைக்கக் கோயில்தான் வேண்டும் என்பதை அந்த துபாஷ் நன்றாக அறிந்திருந்தார். குடியேறியவர்களில் சைவரும் இருந்தார்கள், வைணவரும் இருந்தார்கள், இரண்டு சந்நிதியும் அமைந்தன. இந்தக் கோயில்களை நான் கம்பெனியின் கொடையாகப் பார்ப்பதில்லை. குடியேறியவர்களின் தேவையே அவற்றைக் கட்டவைத்தது என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் வந்தபோது இங்கே என்ன ஆயிற்று?

பேட்டை கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றது புரியும். 1746 செப்டம்பரில் லா போர்தொனே தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1749இல்தான் நகரம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை. 1767இல் மைசூர்க் குதிரைப்படை நகரத்தின் விளிம்பு வரை வந்து சூறையாடிவிட்டுப் போனது. 1780இல் ஹைதர் அலி, அன்று கர்நாடகம் என்று சொல்லப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதிக்குள் புகுந்தபோது உள்நாட்டுக் கிராமங்கள் எரிந்தன, ஜனங்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். குழித்தறியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஒவ்வொரு போரிலும் நூலும் பாவும் முன்பணமும் சேர்ந்தே போயின.

தறிச் சத்தம் எப்போது நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. இங்கிலாந்தில் இயந்திர நூற்பும் இயந்திர நெசவும் வளர்ந்த பிறகு, கையால் நெய்த துணிக்கு அங்கே தேவை குறைந்தது. 1813இல் இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் போனது. 1833இல் அது வணிகத்தையே விட்டது. பேட்டையை உண்டாக்கிய முதலாளி கடையை மூடிவிட்டால் நெய்பவர் யாருக்கு நெய்வார்? அதே சமயம் மான்செஸ்டர் துணி இங்கேயே வந்து விற்பனைக்குக் குவிந்தது. நெசவு மெல்ல மெல்லக் குறைந்து, வீடுகளில் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் மவுண்ட் ரோடு கடைகளில் வேலை பார்ப்பவர்களும் குடிவந்தார்கள்.

நெசவாளர்களுக்குப் பிறகு குறிப்பிடத்தக்கவர்கள் யாராவது இங்கே வந்தார்களா?

1836இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்ஸ்லோவும் டாக்டர் ஜான் ஸ்கட்டரும் சென்னைக்கு வந்தார்கள். அவர்களுடைய மிஷனுக்கு சிந்தாதிரிப்பேட்டை ஒரு முக்கிய இடமாக இருந்தது. பேட்டையில் உள்ள சீயோன் ஆலயம் அவர்கள் காலத்தில் எழுந்தது. வின்ஸ்லோவின் பெயரைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள், 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதி அவருடையது.

பின்னாளில் சீயோன் ஆலயத்தின் போதகராக டபிள்யூ. டி. சத்தியநாதன் பணியாற்றினார். அவர் மனைவி அன்னா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் இவர்கள் குடும்பத்தோடுதான் தங்கினார். உடல்நலம் கெட்டுப் படிப்பைத் தொடர முடியாமல் போனது. பிறகு அந்த வீட்டு மகன் சாமுவேலை மணந்து, ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி, 1894இல் இளம் வயதிலேயே இறந்தார். கிருபாபாய் சத்தியநாதன் என்றால் இலக்கிய வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். நெசவாளர்களை ஒரு பேட்டை ஏற்றுக்கொண்டதைப் பேசுகிறோம், படிக்க வந்த இந்தப் பெண்ணை ஒரு வீடு ஏற்றுக்கொண்டதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மே தினப் பூங்கா யார் அமைத்தது?

1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரால் நேப்பியர் பூங்காவாகத் தொடங்கியது. இப்போது மே தினப் பூங்கா. உழைப்பவர்களுக்காக உண்டான பேட்டைக்குப் புதுப் பெயர்தான் பொருத்தம்.

கூவம் எப்போதாவது நன்றாக இருந்ததா?

இருந்தது. எதிர்க்கரையில் கோமளீஸ்வரன்பேட்டையில் வாழ்ந்த பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அவர் இறந்தது 1794இல். அன்றைக்கு ஆறு அப்படி இருந்திருக்கிறது. மேலே கேசவரம் அணைக்கட்டிலிருந்து வரும் நீர் குறைந்தது, ஏரிகள் நகரமாயின, கழிவுநீர் நேரடியாக ஆற்றில் விழுந்தது, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டது. இந்த நான்கும் சேர்ந்துதான் கூவத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. மழைக்காலத்தில் பலத்த மழை பெய்த நாள்களில் பாலத்தில் நின்று பார்த்தால், சில நாளைக்கு ஓட்டம் தெரியும்.

கூவக் கரையோரக் குடிசைகளில் இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அவர்களும் குடியேறியவர்களே. நகரத்துக்குச் சுமைதூக்கவும், மீன் விற்கவும், வீட்டு வேலை செய்யவும், சாலை போடவும் ஆள் தேவைப்பட்டது. அவர்கள் இருக்க இடம் மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. ஆற்றங்கரை கிடைத்தது, அங்கே இருந்தார்கள். தலைமுறைகள் கடந்தன.

2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு கூவம் சீரமைப்புப் பணிக்காகக் கரையோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. தீவுத்திடல் பக்கத்தில் சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வேலை இருக்கும் இடத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். விடியற்காலையில் மீன் மார்க்கெட்டுக்கு வர வேண்டிய பெண் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? பள்ளி ஆண்டு நடுவில் இடம் மாறிய பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள்? வெள்ளம் வரும் கரையில் யாரும் வாழ வேண்டியதில்லை என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாற்று வீட்டை வேலைக்குப் பக்கத்தில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 1734இல் கம்பெனி, தன் லாபத்துக்காகவே என்றாலும், உழைப்பவர் வேலைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நாம் தேர்ந்தெடுத்த அரசுகள் அதைவிடக் குறைவாகச் செய்யக் கூடாது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் தொடங்கிய பறக்கும் ரயில் பாதையில் சிந்தாதிரிப்பேட்டை ஒரு நிலையம். அங்கிருந்து நடந்தே போகலாம். காலையில் போனால் மீன் மார்க்கெட் உச்சத்தில் இருக்கும். இரட்டைக் கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சுற்று வாருங்கள், கோயில் நடை சாத்துவதற்கு முன் போய்விடுங்கள். பழைய திண்ணை வீடுகள் அங்கங்கே ஒன்றிரண்டு இன்னும் மிச்சம். பிறகு சீயோன் ஆலயம், மே தினப் பூங்கா. தறி எதுவும் காணக் கிடைக்காது.

எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் பேட்டையில் நெய்ததாகச் சொல்வார்கள். அதை எங்கே தேடுவது?

முதலில் வீட்டில் தேடுங்கள். பழைய கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை இவற்றில் தெருப் பெயரும் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் குலதெய்வம் எது, எந்த ஊர்க் கோயிலுக்கு முடி இறக்கப் போவார்கள் என்று கேளுங்கள். பேட்டைக்கு வருவதற்கு முன் குடும்பம் எங்கிருந்தது என்பதற்கு அது நல்ல தடயம். கோயில் உபயதாரர் பட்டியலையும் மண்டகப்படி முறையையும் விசாரியுங்கள். எந்தத் திருவிழா நாள் எந்தச் சமூகத்துக்கு என்பதில் பழைய கணக்கு ஒளிந்திருக்கும்.

பிறகு எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோட்டை நிர்வாகத்தின் ஆலோசனைக் குறிப்புகள் அங்கே இருக்கின்றன, பல தொகுதிகள் அச்சிலும் வந்தவை. அவை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ்ப் பெயர்களை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நாராயணன் என்பதை ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு விதமாகப் பார்ப்பீர்கள். அதனால் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புலப்படாதது காதுக்குப் பிடிபடும். அடையாளச் சான்றும் ஆய்வு நோக்கத்தை விளக்கும் கடிதமும் கையோடு கொண்டுபோங்கள். 1734, 1735ஆம் ஆண்டுத் தொகுதிகளிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சமாகும்.